நாற்பத்தேழாவது பெயர்

ராம்லகன் வீட்டு மொத்தக் குடும்பத்துக்கும் நான் வைத்திருந்த விலை மூன்று விசை. மனைவி, மூன்று மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், ஆக்லாந்தில் இருப்பவர்கள், சிட்னியில் இருப்பவர்கள், சாக்ரமென்டோவில் கார் கழுவிக்கொண்டு ஊருக்கு அதைச் சொல்லாமல் இருப்பவர்கள் என்று நாற்பத்தேழு உயிர். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அமுக்கிக்கொண்டு ஆர் என்ற எழுத்தைத் தட்டினால் போதும்; நாற்பத்தேழு பேரும் அவரவர் ஊர்ப்பெயரோடு திரையில் வரிசையாக வந்து நிற்பார்கள். கூப்பிட்ட குரலுக்கு அந்தக் குடும்பம் சண்டையில்லாமல் கூடி நின்றது என் கணினியில் மட்டும்தான்.

நான் ஃபிஜித் தீவின் லௌட்டோகா நகரில் ஒரு குஜராத்தித் துணிக்கடைக்காரரின் இளைய மகன். கடை அண்ணனுக்குப் போனது, வாய் எனக்கு வந்தது. அந்த வாயை வைத்துக்கொண்டு இந்தி வானொலி நிலையம் ஒன்றில் மரண அறிவிப்பு வாங்கும் மேசையில் உட்கார்ந்தேன். வீட்டில் இருந்து வருகிறவர்கள் விவரம் சொல்வார்கள். நான் தட்டச்சு செய்து, ஒரு முறை வாசித்துக்காட்டி, கையெழுத்து வாங்கி, உள்ளே அனுப்புவேன். மதியம், மாலை, மறுநாள் காலை என்று மூன்று முறை அது காற்றில் போகும்.

செத்தது யார் என்பது ஊருக்கு முன்பே தெரிந்திருக்கும். கரும்பு வெட்டுகிறவன் கத்தியை நிறுத்தி, அடுப்படியில் இருப்பவள் குக்கரை இறக்கி வைத்துக் கேட்பது, 'இவரைப் பிரிந்து வாடும்' என்று தொடங்கும் பட்டியலைத்தான். முதலில் யார், எந்த மருமகள் பெயர் மகனோடு ஒட்டி வருகிறது, எவள் பெயர் வரவேயில்லை. பட்டியலில் இருந்தால் வாசலுக்கு வரலாம். இல்லையென்றால் வராதே என்று தீவு முழுக்கச் சொல்லியாகிவிட்டது என்று பொருள். தனியாகத் தொலைபேசியில் கூப்பிடும் வழக்கமெல்லாம் கிடையாது.

இந்த வேலையில் ஒரே வாக்கியத்தை ஆயிரம் தடவை தட்ட வேண்டியிருந்தது. ஒரு மழை நாளில், எழுதும் மென்பொருளின் உள்ளறைகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது விசைகளை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் பெட்டி கண்ணில் பட்டது. வேண்டிய வரியைச் சேமித்து, வேண்டிய விசைகளை அமுக்கினால், அந்த இடம் காலியா, வேறு யாராவது பிடித்துவிட்டார்களா என்று அதுவே சொல்கிறது. சந்தையில் கடை போட இடம் பிடிப்பதுபோல இருந்தது எனக்கு. 'சில நாள் நோய்வாய்ப்பட்டிருந்து' என்பதற்கு ஒன்று, 'வீட்டிலிருந்து புறப்பட்டு' என்பதற்கு ஒன்று. 'அன்புக் கணவர்' என்பதை ஒரே விசையில் தைத்துவிட்டேன். அதன்பிறகு என் மேசைக்கு வந்த பிணங்களில் அன்பில்லாத கணவன் ஒருவன்கூட இல்லை.

வரிகளில் ஆரம்பித்தவன் குடும்பங்களுக்குப் போனேன். பா என்ற ஊர் முதல் தவுவா வரை கரும்பு நிலம் வைத்திருக்கும் பெரிய குடும்பங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வருடத்துக்குள் இன்னொன்று வரும், பட்டியல் அதேதான். குடும்பத்துக்கு ஓர் எழுத்து ஒதுக்கினேன். இருபது நிமிட வேலை ஒரு நிமிடத்துக்குள் சுருங்கியது. எனக்கு அது போதவில்லை, மேசைமேல் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்து வரிசையில் நிற்பவர்களுக்குக் காட்ட ஆரம்பித்தேன்.

ஒலிப்பதிவு அறையில் வேலை செய்த வாசித்திக்கு இது பொறுக்காது. ரக்கிராக்கிப் பக்கத்து ஃபிஜிக்காரி, தீவின் பூர்வகுடி. இந்தியை என்னைவிட நன்றாகப் பேசுவாள், அதில் திட்டுவது இன்னும் நன்றாக வரும்.

"பூபேன், நீ செத்தா உனக்கு நான் ஒரே ஒரு பொத்தான்தான் அமுக்குவேன். டெலீட்."

"என் வேகம் உனக்கு வயித்தெரிச்சல்."

"வேகமாம் வேகம்! செத்தவங்களுக்கு என்னடா அவசரம்? அவங்களுக்கு பஸ்ஸா போகப்போவுது?"

ராம்லகனின் தம்பி இறந்தபோதுதான் அவர் குடும்பத்தை ஆர் எழுத்தில் குடிவைத்தேன். அடுத்த வருடம், மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, ராம்லகனே வந்து நின்றார். எழுபது வயது, தவுவாவில் பத்து ஏக்கர் கரும்பு. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். எனக்குப் பின்னால் மின்விசிறி, அவருக்குப் பின்னால் ஏழு பேர்.

"பேட்டா, புல்மத்தி போயிட்டா. நேத்து."

மனைவி. 'பேட்டா', மகனே, என்று கூப்பிட்டவரின் கையை எழுந்து பிடித்தேன். அந்த அளவுக்கு மனிதன்தான் நான்.

"உட்காருங்க சாச்சா. எதுக்கும் அலைய வேணாம். போன வருஷப் பட்டியல் அப்படியே பத்திரமா இருக்கு."

"அதேதான். அதே பேருங்கதான்." கொஞ்ச நேரம் மேசையின் விளிம்பைப் பார்த்தார். "அதோட சலோச்னா பேரையும் போட்டுடு. ரக்கிராக்கி சலோச்னா."

தவுவாவில் மூன்று வேலி தாண்டி இருப்பவனுக்குக்கூடத் தெரிந்த கதை அது. அவருடைய ஒரே மகள். பதினோரு வருடம் முன் இலாய்த்தியா என்ற ஃபிஜிக்கார லாரி மெக்கானிக்கோடு போய்விட்டாள். அன்றிலிருந்து அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. தம்பியின் அறிவிப்புக்கு வந்தபோது 'பொண்ணுங்க யாராவது?' என்று நான் கேட்டதற்கு, 'இல்லை' என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்தினார். இப்போது அதே ஆள், அதே மேசையில், அதைச் சொல்லிவிட்டார்.

நான் கேட்டேன். தெளிவாகக் காதில் விழுந்தது. தலையை ஆட்டினேன். மூன்று விசையை அமுக்கினேன். நாற்பத்தேழு பேரும் வந்து நின்றார்கள். அப்போதுதான் அந்தப் பட்டியலில் புல்மத்தியும் இருப்பது பளிச்சென்று தெரிந்தது. மைத்துனனுக்காக வாடிய அண்ணி. விட்டிருந்தால் செத்தவளே தன் சாவுக்கு வாடியிருப்பாள்! சட்டென்று அந்தப் பெயரை எடுத்தேன். எடுத்துவிட்டு எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அந்தத் தட்டில் மற்றது விழுந்துவிட்டது. எடுக்க வேண்டியதை எடுத்த பெருமையில் சேர்க்க வேண்டியதை மறந்தேன்.

"அட, மிஷினுப்பா!" என்றான் வரிசையில் ஒருவன்.

"முப்பத்தெட்டு நொடி," என்று கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினேன்.

பெரியவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார், இல்லை. "வாசிச்சுக் காட்டு பேட்டா."

"போன வருஷம் வாசிச்சதுதானே சாச்சா? ஒரு எழுத்து மாறலை."

என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை தேநீர் வேளையில் வாசித்தி என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக என் பிஸ்கட்டை எடுப்பாள், எடுக்கவில்லை.

"அந்தக் கிழவன் கல்லு பூபேன். பச்சைக் கல்லு."

"எந்தக் கிழவன்?"

"ராம்லகன். இலாய்த்தியா எங்க பெரியம்மா பையன், தெரியுமில்ல? சலோச்னா எனக்கு அண்ணி. அம்மா போயிட்டாங்கன்னு ஞாயித்துக்கிழமையே அவளுக்குச் சேதி வந்துடுச்சு. எங்க ஊரு பொம்பளைங்க அத்தனை பேரும் சாவு வீட்டுச் சீருக்குன்னு வீட்டுல இருந்த நல்ல பாயெல்லாம் கொண்டாந்து குடுத்தாங்க. பதினாலு பாய். கரைச்சுக் குடிக்க ஒரு மூட்டை யங்கோனா வேர். லாரியில ஏத்தி, தார்ப்பாய் கட்டி, ரேடியோவைச் சுத்தி உட்கார்ந்துட்டாங்க. அம்மா சாவுக்காவது அப்பா பேரைச் சொல்லுவாருன்னு."

நான் பிஸ்கட் பொட்டலத்தை மூடி வைத்தேன்.

"மத்தியானம் கேட்டாங்க, வரலை. படிக்கிறவன் விட்டிருப்பான்னு சாயங்காலம் கேட்டாங்க. காலையிலயும் கேட்டாங்க. நாப்பத்தாறு பேரு. சாக்ரமென்டோவுல பொறந்து இன்னும் இந்த ஊரையே பாக்காத குழந்தை பேரு வருது, பெத்த பொண்ணு பேரு வரலை. பாயை இறக்கிட்டாங்க. பேரு சொல்லாத வீட்டுக்கு பாயைத் தூக்கிட்டுப் போனா எங்காளுங்களுக்கு எவ்வளவு அசிங்கம் தெரியுமா?"

"தகனம்..."

"நேத்தே ஆச்சு. ஒரு மணிக்கு வீட்டை விட்டு எடுத்துட்டாங்க." எழுந்தாள். "நீ ஏன் இப்படி முழிக்கிற?"

"தலைவலி," என்றேன்.

அவள் போன பிறகு கோப்பைத் திறந்து பார்த்தேன். பார்க்காமலே தெரியும், இருந்தும் பார்த்தேன். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். எஸ் எழுத்தில் தொடங்கும் பெயர் ஏழு இருந்தது, அவள் இல்லை. கீழே ராம்லகனின் கையெழுத்து, கடைசி எழுத்து காகிதத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே ஓடியிருந்தது.

வியாழக்கிழமை அவர் வந்தார். தலை மழித்திருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மேனேஜர் தானே எழுந்து வந்துவிட்டார்.

"சண்டை இல்லை சாப்," என்றார் ராம்லகன். "ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். பேட்டா, அன்னிக்கு நான் சலோச்னா பேரைச் சொன்னேனா?"

மேனேஜர் எனக்கு முன் பதில் சொன்னார். "சாச்சா, நீங்க சொன்னதைத்தான் அடிப்போம். இதோ பாருங்க உங்க கையெழுத்து."

"கையெழுத்து என்னோடதுதான். அதைக் கேக்கலை." அவர் என்னையே பார்த்தார். "வீட்டுல இருந்து கிளம்பும்போது மனசுல சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். பஸ்ஸுல சொல்லிப் பாத்தேன். இங்க வந்தும் சொன்ன மாதிரிதான் இருக்கு. ஆனா ரேடியோவுல பேரு வரலைன்னு சுடுகாட்டுலேர்ந்து வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. மகனுங்க, 'நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க'ங்கிறானுங்க. நீ சொல்லு. உன் காதுல விழுந்துச்சா?"

இந்த இடத்தில் ஒரு நல்ல பொய் சொல்லக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. மலிவான பொய் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"அன்னிக்கு ஒரே கூட்டம் சாச்சா. நினைவில்லை."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். நான் சொன்னதை எடை போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டதுபோல.

"அப்போ என் வாய்தான். பதினோரு வருஷம் பூட்டி வெச்ச வாய், ஒரு நாள்ல தொறக்குமா? மனசுல சொன்னதையே வாயில சொன்னதா நினைச்சுட்டேன்." பிறகு, எனக்கு முன்னால், அந்த மேசைக்கு முன்னால், இரண்டு கையையும் கூப்பினார். "உன் மேல சந்தேகப்பட்டுட்டேன் பேட்டா. மன்னிச்சுக்க. ரெண்டு ராத்திரியா உன்னைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

"பரவாயில்லை சாச்சா," என்றேன்.

பரவாயில்லை என்றேன்! அந்தச் சொல்லை இன்று நினைத்தாலும் காது மடல் சுடுகிறது. பெரிய மனதோடு அவரை மன்னித்து அனுப்பினேன் நான். மேனேஜர் என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலை அப்பாவின் கடைக்குப் போனேன், காரணமில்லாமல். அண்ணன் ஒரு பெண்ணுக்குச் சேலைத் துணி வெட்டிக்கொண்டிருந்தான். பேச்சு வாக்கில் ஒரு சாண் குறைத்து வெட்டிவிட்டான். அவள் கவனிக்கவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் அந்தத் துண்டை ஓரமாக எறிந்துவிட்டுப் புதிதாக அளந்து வெட்டினான். தொழிலே பேரம் பேசி ஆளைச் சாய்ப்பதுதான் என்றாலும் எங்கள் கடையில் கத்தரி பிடித்தவன் தப்புக்குக் கத்தரி பிடித்தவன்தான் பொறுப்பு. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வாசித்தியை நடைவழியில் நிறுத்திச் சொன்னேன். முதலில் சிரித்தாள், நான் ஏதோ வேடிக்கை செய்கிறேன் என்று. பிறகு கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து அந்தக் கிழவன் உன்னைக் கும்பிட்டப்போ நான் கண்ணாடி வழியா பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"தெரியும்."

"நாளைக்கு எட்டு மணி பஸ். ரக்கிராக்கிக்கு. வரலைன்னா உன்னைப் பாயில சுருட்டித் தூக்கிட்டுப் போவேன்."

முதலில் தவுவாவில் இறங்கிப் பெரியவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பேருந்து அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது. துக்கத்துக்குப் போட்ட தகரக் கொட்டகை சாலையிலிருந்தே தெரிந்தது. நான் எதிர்ப்பக்கத்து மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைக் கும்பிட்டவரிடம் சொல்வதைவிட, முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்வது மலிவாக முடியும் என்று உள்ளே இருந்த வியாபாரி கணக்குப் போட்டிருந்தான்.

மலிவாக முடியவில்லை. சலோச்னா வராந்தாவில் மரவள்ளிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பாய்கள், கம்பளி நூல் குஞ்சம் வைத்தவை, மடித்து அடுக்கியபடியே இருந்தன. நான் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"சொன்னாரா?"

"சொன்னார்."

"என் பேரையா? 'அந்தப் பொண்ணு'ன்னு சொல்லியிருப்பார்."

"இல்லைங்க. 'ரக்கிராக்கி சலோச்னா'ன்னார். மேசையைப் பார்த்துக்கிட்டே சொன்னார்."

"ரக்கிராக்கின்னும் சொன்னாரா?" அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இலாய்த்தியா படியில் உட்கார்ந்து தன் கையிலிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் மிச்சமில்லை. "ஊரு பேரோட சொல்லியிருக்கார், கேட்டியா?"

பிறகு என்னிடம் திரும்பினாள்.

"பூபேன்ஜி, நாப்பத்தாறு பேருக்கு எத்தனை பொத்தான் அமுக்குனீங்க?"

"மூணு."

"எனக்கு எத்தனை எழுத்து அடிக்கணும்?"

"இங்கிலீஷ்ல எட்டு."

"எட்டு அதிகம்தான்," என்றாள். "விரல் வலிச்சிருக்கும்."

வாசித்திகூடச் சிரிக்கவில்லை.

"செவ்வாக்கிழமை ஒரு மணிக்கு அம்மாவை எடுத்தப்போ நான் இந்தப் பாயை மடிச்சுக்கிட்டிருந்தேன். இதே எடத்துல. அம்மா மூஞ்சி கடைசியில எப்படி இருந்துச்சுன்னு யாரும் எனக்குச் சொல்லலை." கத்தியைக் கிழங்கில் குத்தி நிறுத்தினாள். "என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. அவருகிட்ட?"

"இன்னும் இல்லை."

"ஏன், வழியில வீடு தெரியலையா? லாரியை எடு இலாய்த்தியா."

கொட்டகைக்குள் முப்பது பேர் இருந்தார்கள். யங்கோனா கிண்ணம் சுற்றிக்கொண்டிருந்தது. இலாய்த்தியாவின் ஆட்கள் பாய்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். கூப்பிடாமல் உள்ளே வரமாட்டார்கள். சலோச்னா அவர்களுக்குப் பின்னால். நான் தனியாக உள்ளே போனேன். என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"சாச்சா, அன்னிக்கு நீங்க அவங்க பேரைச் சொன்னீங்க. நல்லாவே சொன்னீங்க. நான்தான் போடலை."

ராம்லகன் நிமிர்ந்தார். "சொன்னேனா?"

"சொன்னீங்க."

"வாய்விட்டு?"

"வாய்விட்டு."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தன் வாய் தன்னை ஏமாற்றவில்லை என்ற வெளிச்சம். அது முழுதாக வந்து முடிவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"வியாழக்கிழமை நான் வந்து கேட்டப்போ?"

"அப்பவும் நினைவிருந்துச்சு சாச்சா."

ஆக்லாந்து மகன் எழுந்துவிட்டான். பெரியவர் அவனைப் பார்க்காமலே கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"நான் உன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். கை கூப்பினேன்."

"ஆமா சாச்சா."

"அதைத் திருப்பிக் குடு."

விற்ற சாமானைத் திருப்பி வாங்காமலிருக்க எங்கள் கடையில் நூறு சாக்கு உண்டு. திருப்பிக் கொடுக்கும்படி கேட்கப்படுவது ஒரு கும்பிடாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் குனிந்து கை கூப்பினேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"இது நீ கேக்குற மன்னிப்பு," என்றார். "நான் கேட்டதைக் குடுன்னேன்."

அதற்குமேல் என்னோடு பேச ஒன்றுமில்லை என்பதுபோல எழுந்து வாசலைப் பார்த்தார். "சல்லோ," என்று மகளைச் சின்ன வயதுப் பெயரில் கூப்பிட்டார். கொட்டகை முழுக்கக் கேட்டது. இன்னொரு முறையும் கூப்பிட்டார், தேவையில்லாமல். அவள் அதற்குள் வந்துவிட்டிருந்தாள். பாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அப்பாவும் மகளும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் லாரியின் பின்னால் போய் நின்றுகொண்டேன். யாரோ கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடிக்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பணம் கட்டியதுபோல ஒரு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. நான் ஒதுக்கிய எல்லா எழுத்துகளையும் குடும்பங்களிடமிருந்து பிடுங்கி மென்பொருளுக்கே திருப்பிக் கொடுத்தேன். அன்று மதியம் ராம்லகனும் சலோச்னாவும் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வந்தார்கள். அவர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார், நான் ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். பேட்டா என்று கூப்பிடவில்லை. முடித்ததும் மேலிருந்து கீழ்வரை வாசித்துக்காட்டினேன். இருவரும் எதிரே நின்று கேட்டார்கள்.

கணக்கு இவ்வளவுதான். பிழையாக வாசித்தது மூன்று முறை, திருத்தி வாசித்தது மூன்று முறை, அது நேர். பெயர் நாற்பத்தேழு, அதுவும் நேர். பதினாலு பாய், ஒரு மூட்டை வேர், நான்கு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. ஒரு தாயின் முகம், மகள் பார்க்காதது, ஈடு கிடையாது. ராம்லகன் வியாழக்கிழமை போட்ட கும்பிடு ஒன்று, என்னிடமே இருக்கிறது, திருப்பிக் கொடுக்கவில்லை.